பெட்டிகளுக்கும் அமாவாசை

என் கணவருக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள் லீவு. ஞாயிறு இல்லை, அமாவாசை. தறி நெய்கிற வீடுகளில் அன்றைக்குக் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடாது. ஓரிக்கையில் எங்கள் தெருவில் மற்ற நாளெல்லாம் காதை அடைக்கிற தறிச் சத்தம் அன்று இருக்காது, குக்கர் விசில்தான் கேட்கும். அவர் காலையில் தலைக்குக் குளித்து, இறந்துபோன தன் அப்பாவுக்குப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, வடையும் வாழைக்காய்ப் பொரியலுமாகச் சாப்பிட்டு, பிற்பகலில் பாயை விரித்துப் படுப்பார். அந்த ஒரு நாள் நானும் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. சினிமா கேட்க மாட்டார், ஊட்டி கேட்க மாட்டார். கல்யாணமான புதிதில், இவ்வளவு சல்லிசாக ஒரு மனுஷன் கிடைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். அந்தச் சல்லிசான ஆசையைக்கூட வருஷக்கணக்காக என்னால் நிறைவேற்ற முடியவில்லை.

நான் வேலை பார்ப்பது பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில். புடவையின் கரை, முந்தி, உடலில் சின்னச் சின்னதாக வருகிற புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்குத் தக்கபடி மாற்றிக் கொடுப்பார்கள். முதலாளிக்கு ஒரு புடவைக் கடையும் உண்டு. அதன் பில்லும் எங்கள் சர்வரில்தான் ஓடுகிறது. எனக்கு ஒரு மாங்காய் புட்டாகூட வரையத் தெரியாது. வாலாஜாபாத் பக்கம் பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, அந்தச் சர்வர்களுக்குக் காவல் இருக்கிறேன்.

இதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற பெட்டி சர்வர். டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருக்கிற பெட்டி ஸ்டோரேஜ். எங்கள் சர்வர்கள் தங்களிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு டிசைனையும் ஒவ்வொரு பில்லையும் ஸ்டோரேஜிடம் கேட்டு வாங்கி, திருப்பி அதனிடமே கொடுத்து வைக்கின்றன. நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பெட்டி. கேபிள்கள் எல்லாம் அதில் வந்து சேரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒரு தை அமாவாசை. படையல் முடிந்து, காக்காய் வந்து சாப்பிட்டு, இலை போட்டாகிவிட்டது. முதல் வடையைப் பிட்டேன், போன் அடித்தது. முதலாளி.

“எம்மா, கடையில பில்லு வரல. கல்யாணப் பார்ட்டி, குடும்பமே வந்து உக்காந்துக்கினு இருக்குது. பொடவை எல்லாம் எடுத்து முடிச்சிட்டாங்க. சீக்கிரம் வாம்மா.”

என் கணவர் தன் இலையை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கையைக் கழுவி, பைக்கை எடுத்தார். போய்ப் பார்த்தால் அந்தச் சின்னப் பெட்டி உயிரை விட்டிருந்தது. பழைய பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டி, எல்லாம் ஓடத் தொடங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அவர் மறுநாளைக்காகத் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்த வடையை மூடி வைத்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

அடுத்த நாளே முதலாளியிடம் போய் நின்றேன். டிசைனர்கள் வரைந்து பார்க்கிற கட்டம் போட்ட தாளில் படம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒரே கார்டில் கேபிள் மாட்ட இரண்டு வாய் இருந்தால் போதாது, கார்டு செத்தால் இரண்டு வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும். முதல் கார்டிலிருந்து முதல் ஸ்விட்சுக்கு, இரண்டாம் கார்டிலிருந்து இரண்டாம் ஸ்விட்சுக்கு. ஸ்டோரேஜிலும் இரண்டு கண்ட்ரோலர், அதாவது இரண்டு மூளை. ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் இரண்டு மூளைக்கும் கேபிள். ஸ்விட்சுகள் இரண்டுக்கும் இடையே மட்டும் எந்தத் தொடர்பும் கிடையாது, ஒன்றின் சீக்கு மற்றதற்கு ஒட்டக் கூடாது. மின்சாரத்துக்கும் இரண்டு யூ.பி.எஸ். சர்வரும் ஸ்டோரேஜும் இரண்டிலிருந்தும் கரண்ட் வாங்கும், ஸ்விட்சுகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் ரெட்டை ரெட்டையா கீதே. ஒண்ணு சும்மாதானே குந்திக்கினு இருக்கும்?”

“சும்மா இருக்காது சார், ரெண்டும் வேலை செய்யும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு முழுசா தூக்கிக்கும்.”

கல்யாணப் பார்ட்டி முன்னால் பட்ட அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. வாங்கச் சொல்லிவிட்டார்.

பெட்டிகள் வந்தன. இந்த வேலையில் எனக்கு அலாதியான சுகம். ஒரு வழிக்குச் சிவப்புக் கேபிள், இன்னொன்றுக்குப் பச்சை. படத்தில் ஏதாவது ஒன்றின்மேல் விரலை வைத்து “இது செத்தால்?” என்று கேட்பேன். வேறு வழியில் போக முடிந்தால் அடுத்ததற்கு விரலை நகர்த்துவேன். எங்காவது இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் அந்த இடம்தான் வினை. கேபிள் மாட்டினால் மட்டும் போதாது. இரண்டு ஸ்விட்ச், இரண்டு மூளை என்று நான்கு வழியில் எட்டிப் பார்க்கிற சர்வர், தனக்கு நான்கு டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வாசல் வழியாகப் பார்த்தாலும் கொல்லை வழியாகப் பார்த்தாலும் வீடு ஒன்றுதான் என்று அதற்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையும் செய்தேன். எல்லாப் பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. என்னைப் போல ஆள் உண்டா என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒரு வழியைப் பிடுங்கிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் எதற்குக் கையை வைப்பது என்று இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிடுங்கிப் பார்க்காததால் நம்பிக்கையும் வரவில்லை. முன்னைவிட அதிகமாகப் போனைப் பார்த்தேன். குளிக்கப் போனாலும் ஜன்னல் ஓரத்தில் போன் இருக்கும். என் கணவர் அதற்குத் தன் சக்களத்தி என்று பேர் வைத்தார்.

வழி காட்டியது முதலாளிதான், அவருக்கே தெரியாமல். ஒரு நாள் சர்வர் அறைக்குள் வந்தவர், அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“தறிக்கே மாசம் ஒரு நா லீவு வுடறோம். இந்தப் பொட்டிங்க ராவும் பகலும் ஓடிக்கினே இருக்குதே, பாவமா இல்ல? அமாவாசைக்காவது நிறுத்தக் கூடாதாம்மா?”

முதலில் சிரிப்புதான் வந்தது. சர்வருக்கு லீவு விட்டால் கடைக்கும் சேர்த்துப் பூட்டுப் போட வேண்டியதுதான். பிறகு யோசித்தேன். எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும்போது ஒரு பாதியை நிறுத்தினால் என்ன? ஒரு அமாவாசைக்குச் சிவப்பு வழிக்கு ஓய்வு, அடுத்த அமாவாசைக்குப் பச்சைக்கு. அன்றைக்குத் தறிக்காரர்கள் டிசைன் கேட்டு வர மாட்டார்கள், கூட்டம் குறைவு. நான் செய்யப் பயந்துகொண்டிருந்த சோதனைக்கு இதைவிட நல்ல நாள் ஏது? முதலாளிக்குக் காரணம் வேறு, எனக்குக் காரணம் வேறு, இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

வீட்டில் சொன்னேன். அவர் நூலைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்போ இனிமே ஒவ்வொரு அமாவாசைக்கும் நீ அங்கதான்?”

“கொஞ்ச நாளைக்குத்தான் மாமா.”

அவர் எனக்குச் சொந்தத்தில் மாமா இல்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

“பொட்டிக்குக்கூட அமாவாசை லீவு கீது. என் பொண்டாட்டிக்குத்தான் இல்ல,” என்றார்.

முதல் சோதனை. சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முதல் யூ.பி.எஸ்ஸை நிறுத்தினேன். சிவப்பு வழி மட்டும் போக வேண்டும். சிவப்பும் போனது, பச்சையும் போனது. சர்வர்கள் உயிரோடு இருந்தன, ஸ்டோரேஜும் உயிரோடு இருந்தது, ஆனால் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்றுக்கொன்று பேச்சு இல்லை. வெளியே டிசைனர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது. அந்த அறையில் சுவரோரம் சாமி படத்துக்கு ஒரு மாடம் உண்டு. அதைச் சுற்றிய சீரியல் விளக்கு மட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

அது எந்தக் கரண்டில் எரிகிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். இரண்டாவது யூ.பி.எஸ்ஸில் போய் முடிந்தது. பச்சை வழியின் ஸ்விட்ச் இருக்க வேண்டிய பிளக்கில் சாமி விளக்கு. அங்கிருந்து கழற்றப்பட்ட ஸ்விட்ச், பெட்டிகளை அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் முதல் யூ.பி.எஸ்ஸில் சிவப்போடு சேர்ந்து குடியிருந்தது. எல்லாவற்றையும் பழையபடி ஓடவிட்டு வெளியே வந்தேன். முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“வெள்ளிக்கெழமை கரண்டு போய் சாமி வெளக்கு அணைஞ்சிடுதும்மா. அதான் எலக்ட்ரீஷியன்கிட்ட, அணையாத லைன்ல குடுப்பான்னேன். ரெண்டும் ஒரே மாதிரி பொட்டிதானே, எதுல இருந்தா இன்னான்னு...”

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் முதலாளி என்பதே மறந்துபோனது. “இந்தக் கம்பெனியில சாமிக்கு மட்டுந்தான் சார் ஒழுங்கா கரண்ட்டு வருது,” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்விட்சை அதன் பழைய பிளக்குக்கு மாற்றினேன். விளக்குக்கு என்று தனியாக ஒரு பேட்டரி வாங்கி வைத்தோம்.

அடுத்த அமாவாசைக்கு நிறுத்தியபோது எதுவும் சாகவில்லை, ஆனால் எல்லோருடைய திரையும் உறைந்து நின்றது. ஒருத்தர் ஒருத்தராக எழுந்து என் அறையைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தது. சர்வர் மரியாதை தெரிந்த ஜீவன். செத்துப்போன வழியில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று கைகட்டி நின்றிருக்கிறது. அந்தக் காத்திருப்பைக் குறைத்து வைத்தேன். ரொம்பவும் குறைத்தால் வழி லேசாகத் தும்மினாலே செத்ததாக நினைத்து அடுத்ததற்குத் தாவும். அளவு சரியாக அமைய இன்னும் இரண்டு அமாவாசை பிடித்தது. கடைசியில் ஒரு நாள் நான் ஸ்விட்சை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன், ஒருத்தரும் தலை தூக்கவில்லை. வரைந்துகொண்டே இருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரி சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

என் கணவரிடம்தான் சொன்னேன். அவரும் கேட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப சந்தோசம். அப்போ வர்ற அமாவாசைக்கு வூட்ல இருப்பியா?” என்றார்.

எப்படி இருப்பது? சோதனையைச் செய்ய நான் போக வேண்டும். ஏதாவது ஆனால் முதலாளிக்குத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான். மறுநாள் அந்தப் படத்தை எடுத்து விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கார்டு, கேபிள், ஸ்விட்ச், கண்ட்ரோலர், யூ.பி.எஸ். எதில் விரலை வைத்தாலும் வேறு வழி இருந்தது. படத்தில் இல்லாத ஒன்றே ஒன்றுதான் பாக்கி, எல்லா வழியும் வந்து சேர்கிற இடம், நான். எனக்கு வேறு வழி போடவே இல்லை. ஆத்திரமாக வந்தது. கூடவே, நான் இல்லாமல் எதுவும் ஓடாது என்பதில் இத்தனை நாளாக எனக்கு ஒரு மிதப்பும் இருந்தது என்பது புரிந்தது.

டிசைனர்களுக்குத் தலைவி ஒரு அக்கா. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஒரு கரையில் ஒரு கட்டம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். அவரிடம் போய், “அக்கா, என் வேலையில பாதி கத்துக்கிறீங்களா?” என்றேன்.

“பொட்டியைப் புடுங்கறதா? எப்போடா குடுப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன். இத்தினி வருசமா அதுங்க எங்களைப் படுத்தின பாட்டுக்கு நானே புடுங்கறேன்,” என்றார்.

ஒரு விதி மட்டும் சொல்லிக்கொடுத்தேன். பிடுங்குவதற்கு முன்னால் இரண்டு வழியிலும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று ஏற்கெனவே செத்திருந்தால் மற்றதைத் தொடவே கூடாது. இரண்டு அமாவாசை நான் பக்கத்தில் நின்றேன். அடுத்ததற்கு முதல் நாள் அக்காவே சொன்னார்.

“நாளைக்கு நீ வராத. வந்தா உள்ள வுட மாட்டேன்.”

அப்படி ஒரு அமாவாசை எனக்கு வந்தது. காலையில் போனை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். படைத்தோம். காக்காய் சீக்கிரமே வந்தது. வடையைச் சூடாகச் சாப்பிட்டேன். பிற்பகலில் அவர் பாய் விரித்தார், நானும் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காது அரிசி டின்னிலேயே இருந்தது.

“சக்களத்தி மூச்சு முட்டி செத்துடப் போறா,” என்றார் கண்ணைத் திறக்காமல். சிரித்ததில் எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு பகல் முழுக்க இரண்டு பேரும் சும்மா இருந்தது அன்றுதான். எழுந்து ஊர்க்கதை பேசினோம். அவர் எனக்குத் தலை பின்னிவிட்டார். நூல் பழகிய கை, என்னைவிட நன்றாகப் பின்னுவார்.

வெயில் தாழ்ந்ததும் காபிக்குப் பால் வைத்தேன். அரிசி களையப் போனவள் டின்னைத் திறந்து போனை எடுத்தேன். சர்வரிலிருந்து தானாக வந்த செய்தி இருந்தது. சிவப்பு வழியின் ஸ்விட்ச் செத்துவிட்டது. அக்கா பிடுங்குவது சாயங்காலம்தான், இது காலையிலேயே தானாகச் செத்திருந்தது. எல்லோரும் பச்சை வழி ஒன்றின் மேலேயே காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் போனால் எல்லாம் நின்றுவிடும். புது ஸ்விட்ச் ஆபீஸ் பீரோவில் தயாராக இருக்கிறது, போய் மாட்ட வேண்டியதுதான். செருப்பு எங்கே என்று தேடினேன்.

அடுத்த செய்தி அக்காவிடமிருந்து, குரலில்.

“செவப்பு பொட்டி தானாவே லீவு எடுத்துக்கிச்சும்மா. வெளக்கு எரியல. அதனால நான் எதையும் தொடல. கடையில பில்லு போட்டுக்கினு இருக்காங்க, இங்க பசங்க வரைஞ்சிக்கினு இருக்காங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. நாளைக்கு வந்து பாத்துக்க. நீ வராத.”

திரும்பிப் பார்த்தேன். அவர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பழகிப்போன முகம்.

“வா, பைக்ல வுட்டுட்டு வரேன்,” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவதை நிறுத்தினேன். இரண்டாவது வழி எதற்குப் போட்டேன்? முதல் வழி சாகிற நாளில் நான் ஓடாமல் இருப்பதற்குத்தானே? அது செத்து இத்தனை நேரம் ஆகிவிட்டது, நான் தூங்கியிருக்கிறேன், தலை பின்னிக்கொண்டிருக்கிறேன், ஒரு புடவைக்கும் பில் நிற்கவில்லை. இப்போது ஓடினால் நான் போட்ட படத்தை நானே நம்பவில்லை என்றுதான் அர்த்தம். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தேன்.

“காலையில போய் மாட்டிக்கிறேன் மாமா,” என்றேன்.

அவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்படியே நின்றார்.

“நெஜமாவா?”

“நெஜமாத்தான். உக்காருங்க, காபி ஆறுது.”

காபியை இன்னும் நான் கலக்கவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.